ஃபெஸ்டியின் பாத்தி

அக்டோபரில் உருளைக்கிழங்கு தோண்டும்போது, கடலைப் பார்த்த பாத்தியை டீலியா லவெல் எப்போதும் கடைசியாகத்தான் தொடுவாள். மற்ற பாத்திகள் வீட்டுக்கு. அது மட்டும் ஃபெஸ்டிக்கு. ஃபெஸ்டி அவளுடைய புருஷன் மைல்ஸின் அண்ணன். கல்யாணத்துக்கு முந்திய வாரம் இங்கிலாந்துக்குப் போனவன், போனவன் போனவன்தான். கடிதம் இல்லை, செத்தான் இருக்கிறான் என்ற சேதியும் இல்லை. ஆனாலும் மைல்ஸ் இருந்தவரை வருஷம் தவறாமல் அந்தப் பாத்தியைப் போட்டான். மைல்ஸ் செத்த பிறகு அவள் போட்டாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், எரிஸ் பக்கத்தில், அதெல்லாம் கேட்கிற விஷயமில்லை.

தோண்டிய கிழங்கை மேற்கு அறையின் மூலையில் கொட்டிவைப்பாள். குளிர் விட்டதும் விதைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்து வீட்டு சோனி பேடனின் மாட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

சோனி அன்றைக்கும் கல் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான். அப்படி நின்றுவிட்டான் என்றால் அவனுடைய அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"என் மாடு ஃபெஸ்டிக்குச் சொந்தக்காரின்னு நெனச்சுக்கிட்டிருக்கு டீலியா. நடையே மாறிப்போச்சு."

"மாட்டுக்காரனுக்கு நடையே இல்ல. சுவரப் புடிச்சுக்கிட்டே நிக்கிறான். இறங்கி வந்து ரெண்டு வாளி தூக்குனா என்னவாம்?"

"முதுகு."

"உன் முதுகு கல்யாண வீட்ல மட்டும் ஆடுது."

மேற்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. பாதிப் பாத்தி முடிவதற்குள் ஏப்ரனில் இருந்த போன் அடித்தது. டவுனிலிருந்து வக்கீல், மிஸ் ஹெனிகன். டீலியா மண் கையோடு காதில் வைத்துக்கொண்டாள். கேட்டுவிட்டு மண்வெட்டியின் மேல் சாய்ந்து நின்றாள்.

"யாரு செத்தது?" என்றான் சோனி.

"யாரும் சாகல. கடன் சங்கம் ஒத்துக்கிச்சு. அவங்கதான் தொலைச்சாங்களாம்."

சோனி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தை டீலியா கண்ட இடத்தில் கிளறி, அகப்பட்டதைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்த வருஷம் ஃபெஸ்டியின் பாத்தி சரியாகத் தோண்டப்படவில்லை.

தொலைந்தது வீட்டுப் பத்திரம். அந்தக் கதைக்கு ஆரம்பம் மேற்கு அறையின் கூரை. மாமனார் நிலத்தை மைல்ஸின் பெயருக்கு எழுதிக் கொடுத்தபோது, கல்யாணமாகாத மூத்தவனுக்கு ஒரு வழி செய்தார். ஃபெஸ்டிக்கு அவன் ஆயுசு வரைக்கும் மேற்கு அறை, அதில் நெருப்பு, சாப்பாட்டு மேசையில் ஓர் இடம், ஒரு பாத்தி கிழங்கு, கிணற்றுக்குப் போகும் வழி. எல்லாம் பத்திரத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஆனால் அந்த அறை ஒழுகியது. ஆளே இல்லாத அறைக்குக் கூரை மாற்ற மைல்ஸ் கடன் வாங்கினான். வீட்டுக் கடன் சங்கம் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டது.

கடன் அடைந்த அன்று மேனேஜர் பத்திரக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டீலியா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது. மைல்ஸ் கட்டைத் தொடக்கூட இல்லை, திருப்பித் தள்ளிவிட்டான். "வீட்ல ஈரம், எலி. உங்க இரும்புப் பெட்டியிலயே இருக்கட்டும் சார். அதுதான் பத்திரம்." மேனேஜரும் பெருமையாகத் தலையாட்டினார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கடனை அடைத்துவிட்டு, கடன் கொடுத்தவனிடமே சொத்தின் உயிரை விட்டுவிட்டு வந்தார்கள்.

பிறகு அந்தக் கிளை மூடிப்போனது. அந்த இடத்தில் முடி வெட்டும் கடை வந்தது. சங்கத்தை இன்னொரு சங்கம் விழுங்கியது, பெட்டிகள் எங்கெங்கோ போயின. மைல்ஸ் செத்துச் சில வருஷம் கழித்து, மகள் நெசாவுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கலாம் என்று டீலியா பத்திரத்தைக் கேட்டபோது, கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. மேனேஜர் கட்டை மேசைமேல் வைப்பதற்கு முன்பே புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்க வேண்டும், அடிக்க மறந்திருக்க வேண்டும். போனில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். "உங்க கணவர் எங்கயாவது வச்சிருப்பாரு மேடம், நல்லாத் தேடிப் பாருங்க."

டீலியா தேடினாள். தனக்குத் தெரிந்த உண்மை தன் காதிலேயே பொய்யாகக் கேட்கத் தொடங்கும்வரை தேடினாள். மேற்கு அறை மெத்தையைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். பிரித்த மெத்தையைத் தைத்து முடித்த அன்றுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நேரே டவுனுக்குப் போய் மிஸ் ஹெனிகன் முன்னால் உட்கார்ந்தாள். சங்கத்துக்குப் புகார் போனது. சங்கம் கையை விரித்தது. அதற்குமேல் டப்ளினில் இருக்கும் குறைதீர்ப்பாளரிடம் போனார்கள். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: கொடுத்தீர்கள் என்றால் வாங்கியவர் கையெழுத்து எங்கே? அதற்குப் பதில் வர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. அந்தப் பதில்தான் பாத்தியில் நின்றுகொண்டு அவள் கேட்டது.

சனிக்கிழமை நெசா கால்வே நகரத்திலிருந்து வந்தாள். பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வெந்துகொண்டிருந்தன. கிழங்கு தோல் வெடித்து மாவாகச் சிரித்தது. சாட்சி சொல்லப்போகிறவன் என்ற முறையில் சோனியும் வந்து உட்கார்ந்திருந்தான். சாட்சி சொல்லாவிட்டாலும் சனிக்கிழமை வந்திருப்பான்.

நெசாவுக்கு அவசரம். அவள் குடியிருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரன் விற்கிறான், கோடைக்குள் காலி செய்தாக வேண்டும். கால்வேயில் வேறு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. இந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றி, பழுது பார்க்க பேங்கில் கடன் வாங்கி, இங்கேயே இருந்து வேலை பார்ப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

"பதிவகத்துல இருக்கறது வெறும் சுருக்கம்மா," என்றாள் நெசா. "தாத்தா அப்பாவுக்குக் குடுத்தாரு, இன்ன நிலம், அவ்ளோதான் இருக்கு. பத்திரத்த எழுதின வக்கீலும் செத்துட்டாரு, அவரு ஆபீஸே இல்ல. அதனால இப்ப வந்திருக்கற தாள்ல நீயும் சோனி மாமாவும் சத்தியம் பண்ணிக் குடுத்தா போதும். செலவு பூரா சங்கத்தோடது."

"படிச்சேன்."

"ஏழாவது பாரா?"

"அதத்தான் படிச்சேன்."

இந்த வீட்டிலோ நிலத்திலோ வேறு எவருக்கும் தங்கும் உரிமையோ பிழைப்பு உரிமையோ இல்லை என்று உறுதி கூறுகிறேன் என்பது ஏழாவது பாரா. சங்கத்து வக்கீல்கள் எழுதி அனுப்பியது.

"நான் எல்லைக்குச் சத்தியம் பண்றேன், கேட்டுக்குப் பண்றேன், கிணத்துக்குப் பண்றேன்," என்றான் சோனி கிழங்கை உடைத்துக்கொண்டு. "ரூம் விஷயத்த எங்கிட்ட கேக்காதீங்க."

"பேப்பரே இல்ல மாமா. இல்லாத பேப்பர்ல உரிமை எங்க இருக்கு?"

"பேப்பர் இல்லியா? உங்கம்மா வருஷா வருஷம் கடலுக்குப் பக்கத்துல எழுதிக்கிட்டுத்தான இருக்கா. போய்ப் படி."

"அம்மா, அந்தாளு உயிரோட இருக்காரா இல்லியான்னே தெரியாது. எனக்கு வீடு வேணும். நான் பாக்காத ஒரு பெரியப்பாவுக்காக நான் தெருவுல நிக்கணுமா?"

டீலியா பதில் சொல்வதற்குள் மேற்கு அறைக் கதவின் தாழ்ப்பாள் எழும்பி விழுந்தது. இரும்பின் மேல் இரும்பு விழும் சின்னச் சத்தம். ஈரக் காற்று அடிக்கிற நாட்களில் அது நடக்கும். ஈரக் காற்று இல்லாத நாட்களிலும் நடக்கும். மழை நாளில் அந்தக் கதவைத் திறந்தால் புகையிலை வாசனை வரும். மைல்ஸ் புகை பிடித்தவன் இல்லை. நெசா சின்ன வயதில் அந்த அறையைத் தனக்குக் கேட்டு அழுதிருக்கிறாள், மைல்ஸ் தரவில்லை. வாரத்துக்கு ஒருநாள் டீலியா அங்கே டர்ஃப் என்கிற காய்ந்த சதுப்புமண் கட்டிகளை அடுக்கி நெருப்பு மூட்டுவாள். ஈரத்துக்காக என்று சொல்லிக்கொள்வாள். நெருப்பு மூட்டும்போது கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டாள்.

"காத்து," என்றாள் நெசா.

"காத்துதான்," என்றான் சோனி. ஆனால் தட்டில் பாதி கிழங்கு இருக்கும்போதே எழுந்துவிட்டான். அவனுக்கு அது வழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை டவுனில் மிஸ் ஹெனிகனின் ஆபீசில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியம் வாங்கிக்கொள்ள இன்னொரு வக்கீல் வந்திருந்தார், சளி பிடித்தவர். பைபிளை மேசையில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். மிஸ் ஹெனிகன் ஒவ்வொரு பாராவாக வாசித்தாள். ஏழாவது வந்ததும் டீலியா பைபிளிலிருந்து கையை எடுத்தாள்.

"அத அடிச்சுடு."

"அம்மா," என்றாள் நெசா மெதுவாக.

"நான் அவன ஒரே ஒரு தடவதான் பாத்தேன்," என்றாள் டீலியா. "இதே டவுன்ல, பஸ் நிக்கிற எடத்துல. எங்க வீட்டு ஆளுங்க மாப்பிள்ளையோட நிலம் பாக்க வந்த நாள். அவன் கயிறு கட்டுன பெட்டியோட கெளம்பிக்கிட்டிருந்தான். நான் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு கிட்ட வந்தான். மேக்கு ரூம்ல ஒழுகும், ஒரு வாளி வையின்னான். தன் ரூமப் பாத்துக்கச் சொல்லி எங்கிட்ட ஒப்படச்சுட்டுப் போறவன் மாதிரி இருந்துச்சு. இப்ப நான் பைபிள் மேல கைய வச்சு, அப்படி ஒருத்தன் இல்லவே இல்லைன்னு சொல்லணுமா?"

"சொல்லலைன்னா பேங்க் கடன் தராது மிஸஸ் லவெல்," என்றாள் மிஸ் ஹெனிகன். "அவர் வந்து கையெழுத்துப் போட்டு விட்டுக்குடுக்கணும். இல்லைன்னா அவர் இறந்துட்டார்னு அத்தாட்சி வேணும்."

"பத்திரம் தொலையாம இருந்திருந்தா?"

"அப்பவும் அதேதான். அதுல அவர் பேரு இருந்திருக்கும். அவரத் தேடித்தான் ஆகணும்."

"தொலைச்சவங்க தேடட்டும்."

மிஸ் ஹெனிகன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அவங்க நஷ்ட ஈடு வேண்டாம், மன்னிப்புக் கடுதாசி வேண்டாம். மைல்ஸ் அவங்கள நம்பி வச்ச பொருள்ல அவன் அண்ணனும் இருந்தான். தாளோட சேத்து ஆளையும்தான் தொலைச்சிருக்காங்க. தேடிக் கொண்டுவந்து குடுத்துட்டுப் பேசச் சொல்லு."

சளி பிடித்தவர் இருமினார். மிஸ் ஹெனிகன் ஃபைலைத் திறந்து குறைதீர்ப்பாளரின் கடிதத்தை எடுத்தாள். "பத்திரம் தொலையாம இருந்திருந்தா என்ன நிலையோ, அந்த நிலைக்கு உங்களக் கொண்டுவரணும்னுதான் குறைதீர்ப்பாளர் சொல்லியிருக்கார்," என்று ஆரம்பித்தாள். "இப்படி ஒண்ண யாரும் கேட்டதில்ல. ஆனா கேக்கலாம். நான் கேக்கறேன்."

திரும்பும்போது காரை ஓட்டியது நெசா. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "அவரு உயிரோட இருந்து, வர்றேன்னு சொன்னா?" என்றாள்.

"வந்தா நெருப்பு இருக்கு," என்றாள் டீலியா. சொல்லிவிட்டாளே தவிர பயமாக இருந்தது. மகளைத் தெருவில் நிறுத்திவிட்டோமோ என்ற பயம் ஒரு பக்கம், கதவைத் தட்டிக்கொண்டு அந்தக் கிழவன் வந்து நின்றுவிடுவானோ என்ற பயம் ஒரு பக்கம். சங்கம் ஆள் வைத்துத் தேட ஒத்துக்கொண்டது, ஆனால் அந்தக் குளிர்காலம் பூரா அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. தாழ்ப்பாள் முன்பைவிட அதிகமாக விழுவதுபோல இருந்தது. தேடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் மிஸ் ஹெனிகன் மழையில் நனைந்துகொண்டு நேரிலேயே வந்தாள். போனில் சொல்லாமல் நேரில் வந்தபோதே டீலியாவுக்குத் தெரிந்துவிட்டது. கெட்டிலை வைத்துவிட்டு, "எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஹடர்ஸ்ஃபீல்டு. ஒரு விடுதில. இப்ப இல்ல, மைல்ஸ் இருந்த காலத்துலயே. ஒரு குளிர்காலம், நெஞ்சுச் சளி."

"எத்தன வருஷம் ஆச்சு?"

"இருபது கிட்ட."

இருபது வருஷமாகச் செத்தவனுக்குக் கிழங்கு போட்டிருக்கிறார்கள். டீலியா ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள், யாரும் சாப்பிடாத அளவுக்கு வெட்டினாள்.

"விடுதியப் பாத்துக்கிட்ட அம்மா இன்னும் இருக்காங்க," என்றாள் மிஸ் ஹெனிகன். "சங்கம் அனுப்பின ஆள் அவங்ககிட்டப் பேசியிருக்கான். நல்ல மனுஷனாம், யாரு வம்புக்கும் போகமாட்டாராம். சுரங்கத்துல வேலை பாத்து மூச்சு போயிடுச்சு. அரசாங்க வீடு ஒண்ணு குடுக்க வந்தாங்களாம், ரெண்டு தடவ. வேண்டாம்னுட்டாராம்."

"ஏன்?"

மிஸ் ஹெனிகன் காலிக் கப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஊர்ல எனக்குன்னு எழுதி வச்ச ரூம் இருக்கு, இங்க வீடு எதுக்குன்னு சொன்னாராம். வேற யாராவது வீடில்லாதவனுக்குக் குடுங்கன்னாராம்."

டீலியா நாற்காலியில் உட்கார்ந்தாள். காகிதத்தில் இருந்த ஓர் அறை அவனை அங்கே சொந்தக் கூரையில்லாமல் வைத்திருந்தது. வருவான் வருவான் என்று இவர்கள் இங்கே நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள், போகலாம் போகலாம் என்று அவன் அங்கே இருந்து செத்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். மிஸ் ஹெனிகன் எழுந்து கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"இனிமே தடை இல்ல மிஸஸ் லவெல். அந்த உரிமை அவர் ஆயுசோட முடிஞ்சுது."

"முடிஞ்சுது," என்றாள் டீலியா. "ஆனா வழியனுப்பலையே."

அந்த வார வெள்ளிக்கிழமை, செத்தவனை வழியனுப்பும் ஊர் வழக்கப்படி துக்கம் வைத்தார்கள். பிணமில்லாத வீட்டில் இருபது வருஷம் பிந்திய துக்கம். டீலியா அடுப்படிக் கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடியைத் துணியால் மூடினாள். மேற்கு அறைக் கட்டிலில் வெள்ளை விரிப்புப் போட்டு, தலையணைமேல் ஜெபமாலையை வைத்தாள். கடல் பக்கத்து ஜன்னல் வண்ணத்தோடு ஒட்டிப்போயிருந்தது, சோனி உளியால் தட்டிப் பெயர்த்துத் திறந்துவைத்தான். ஆவி போக வழி வேண்டும். மதியம் தொடங்கி ஆட்கள் வந்தார்கள். முதலில் கொஞ்சம் கூச்சமாக நின்றார்கள், பிறகு ஹாம் சாண்ட்விச்சும் டீயும் விஸ்கியும் கைக்கு வந்ததும் வழக்கமான துக்க வீடு ஆகிவிட்டது. பாதிரியார்கூட வந்து முழங்காலிட்டு ஜெபித்தார்.

சோனி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விஸ்கியோடு ஃபெஸ்டியிடமே பேசிக்கொண்டிருந்தான்.

"உன் கிழங்கு பூரா என் மாடுதான் தின்னுச்சு. மனசுல வச்சுக்காத. தெரிஞ்சிருந்தா நானே கொஞ்சம் தின்னிருப்பேன்."

டீ கொண்டுவந்த நெசாவின் காலில் கட்டிலுக்கடியிலிருந்த எதுவோ இடித்தது. குனிந்து பார்த்தாள். பழைய தகர வாளி.

"இது எதுக்கும்மா இங்க? கூரைதான் எப்பவோ மாத்தியாச்சே."

"அவன் வைக்கச் சொன்னான்," என்றாள் டீலியா.

நெசா வாளியை இருந்த இடத்திலேயே தள்ளிவைத்தாள். பிறகு வெளியே போனவள் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. அதற்குமேல் வந்தவர்களுக்கெல்லாம், "எங்க பெரியப்பா," என்று அவளே சொன்னாள்.

பிப்ரவரியில் சத்தியம் முடிந்தது. ஏழாவது பாராவை மாற்றி எழுதியிருந்தார்கள்: ஃபெஸ்டஸ் லவெலுக்கு ஆயுசு வரைக்கும் உரிமை இருந்தது, அவர் இறந்துவிட்டார் என்று. வீடு அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. சங்கம் எல்லாச் செலவையும் கொடுத்து மன்னிப்புக் கடிதமும் அனுப்பியது. டீலியா அதைக் கொண்டு அடுப்பு மூட்டினாள். நெசாவுக்குக் கடன் கிடைத்தது. மேற்கு அறைக்கு வெள்ளை அடித்து, அவளுடைய கம்ப்யூட்டர் மேசையைப் போட்டார்கள்.

அதன்பிறகு தாழ்ப்பாள் விழவில்லை. எந்தக் காற்றுக்கும் விழவில்லை. புகையிலை வாசனையும் இல்லை, வண்ண வாசனைதான். இத்தனை காலம் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவள், இப்போது பாத்திரத்தைத் துலக்கும்போது கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து ஓர் ஆள் குறைந்துவிட்டதுபோல இருந்தது. மைல்ஸ் செத்தபோதுகூட வீடு இவ்வளவு காலியாக இருந்ததில்லை.

மார்ச்சில் கிழங்கு ஊன்றியபோது கடல் பக்கத்துப் பாத்தியை விட்டுவிட்டாள். விதை கையில் இருந்தது. பாத்தியின் தலைமாட்டில் நின்று பார்த்துவிட்டு, செத்தவனுக்கு எதற்கு என்று திரும்பி வந்துவிட்டாள். சோனி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மே மாதம் நெசா சாமான்களோடு வந்து இறங்கினாள். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனவள் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க ஒண்ணும் போடலைன்னு சொன்னியே?"

டீலியா கையைத் துடைத்துக்கொண்டு போனாள். ஃபெஸ்டியின் பாத்தியில், மழைக்கு ஓடிய அன்று அவள் அரைகுறையாகக் கிளறி விட்டுப்போன பாதியில், தப்பிய கிழங்குகள் தாமாகவே முளைத்திருந்தன. ஒழுங்கில்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக, கரும்பச்சையாக.

"புடுங்கிடவா? இங்க கீரை போடலாம்னு நெனச்சேன்."

"வேண்டாம். கொட்டகைல மண்வெட்டி இருக்கு, கொண்டா."

நெசா இரண்டு மண்வெட்டி கொண்டுவந்தாள். கடற்காற்று முளைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக நின்று, ஒவ்வொன்றுக்கும் மண் அணைத்தார்கள்.